தண்ணீர் போல உள்ளே போகும் சர்க்கரை

ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் ஒன்பது டீஸ்பூன் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, யாரிடமாவது குடிக்கக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது வாயிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். 330 மி.லி. கோலா கேன் ஒன்றில் இருக்கும் சர்க்கரை 35 கிராம். டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட அதே ஒன்பதுதான். ஆனால் அந்தக் கேனை அதே ஆள் இரண்டு நிமிடத்தில் காலி செய்துவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று பார்ப்பார்.

இது எப்படி முடிகிறது? முதல் காரணம் குளிர்ச்சி. இனிப்பு பட்டதை மூளைக்குச் சொல்லும் நாக்குச் செல்களில் ஒரு புரதம் இருக்கிறது. சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் அது, குளிரில் மந்தமாகிவிடும். அடுத்தது புளிப்பு. கோலாவில் பாஸ்பாரிக் அமிலமும், எலுமிச்சை, ஆரஞ்சுச் சுவைப் பானங்களில் சிட்ரிக் அமிலமும் சேர்க்கிறார்கள். அந்தப் புளிப்பு இனிப்பின் திகட்டலை வெட்டிவிடும். கடைசியாக, கேஸ். கரியமில வாயு நாக்கில் பட்டதும் கார்பானிக் அமிலமாக மாறுகிறது. 'சுர்ர்' என்று நாம் ரசிக்கும் அந்த உணர்வு, உண்மையில் லேசான எரிச்சலைத்தான் நரம்பு சொல்கிறது. குளிர்ச்சியும் கேஸும் இல்லாத கோலா எப்படி இருக்கும் என்பது, மூடியைத் திறந்து வைத்து மறந்துபோய் மறுநாள் மதியம் ஒரு வாய் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் பாகு.

சர்க்கரை அதிகமானால் கெடுதல் என்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. அதே சர்க்கரை குடிக்கிற பொருளாக வரும்போது கூடுதலாக என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சாப்பாடு உள்ளே போகும் வழியில் உடம்பு சில காவல்களைப் போட்டு வைத்திருக்கிறது. மெல்ல வேண்டும், வயிறு நிறைய வேண்டும், மெதுவாகச் செரிக்க வேண்டும், நடுவில் 'போதும்' என்று ஒரு குரல் வர வேண்டும். தண்ணீருக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. குளிர்பானம் என்பது தண்ணீரின் வழியில் வந்து சேரும் சாப்பாடு.

வயிறு கணக்கில் எடுக்காத கலோரி

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய ஆய்வு இந்த விஷயத்தில் அடிக்கடி பேசப்படுவது. மொத்தமே 15 பேர். நான்கு வாரம் தினமும் 450 கலோரியை ஜெல்லி மிட்டாயாகச் சாப்பிட்டார்கள். நடுவில் ஒரு இடைவெளி. அப்புறம் இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைக் குளிர்பானமாகக் குடித்தார்கள். மற்றபடி என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம். மிட்டாய் தின்ற நாட்களில் அவர்களே அறியாமல் மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள்; எடை பெரிதாக மாறவில்லை. குளிர்பானம் குடித்த நாட்களில் சாப்பாடு குறையவே இல்லை. அந்த 450 கலோரி அப்படியே மேலே ஏறி உட்கார்ந்தது, எடையும் கூடியது.

15 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். இதைவிட உறுதியான ஒன்று 2012-இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. சுமார் 5 முதல் 12 வயது வரையுள்ள 641 குழந்தைகள். ஏற்கெனவே தினமும் இனிப்புப் பானம் குடிக்கிற பிள்ளைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேருக்கு நாளுக்கு ஒரு 250 மி.லி. கேன் சர்க்கரைப் பானம், மீதிப் பேருக்கு அதே சுவையில் சர்க்கரை இல்லாத பானம். யாருக்கு எது போகிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 18 மாதம் கழித்துப் பார்த்தால், சர்க்கரை இல்லாத கேன் குடித்தவர்களின் எடை சராசரியாக 6.35 கிலோ கூடியிருந்தது. சர்க்கரைக் கேன் குடித்தவர்களுக்கு 7.37 கிலோ. வளர்கிற பிள்ளைகள் என்பதால் எடை கூடுவது இயல்புதான். ஆனால் நடுவில் விழுந்த அந்த ஒரு கிலோ, நாளுக்கு ஒரே ஒரு சின்னக் கேனால் வந்தது.

'அதற்கென்ன, கொஞ்சம் ஓடினால் எரிந்துவிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கேனில் 140 கலோரி. அதைத் தீர்க்க அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். தினமும் ஒரு கேன் என்றால், தினமும் அந்த அரை மணி நேரம் கேனுக்கே போய்விடும். இந்த 'உடற்பயிற்சிதான் முக்கியம்' என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. உடல் பருமனுக்குச் சாப்பாட்டைவிட உடற்பயிற்சிக் குறைவே முக்கியக் காரணம் என்ற தொனியில் பேசிவந்த ஒரு விஞ்ஞானிகள் அமைப்புக்கு கோகோ கோலா நிறுவனம் பணம் கொடுத்திருந்தது 2015-இல் செய்தித்தாளில் வெளியானது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பு கலைக்கப்பட்டது.

ஐந்து கிராம் ரத்தத்தில், முப்பத்தைந்து கிராம் கேனில்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர் ரத்தம். ஆரோக்கியமானவருக்கு, வெறும் வயிற்றில், அத்தனை ரத்தத்திலும் சேர்த்துக் கரைந்திருக்கும் குளுக்கோஸ் 4, 5 கிராம்தான். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அதில் கொஞ்சம் கூடினாலும் கணையம் இன்சுலினைச் சுரந்து இறக்கப் பார்க்கும், குறைந்தால் கல்லீரல் சேமிப்பிலிருந்து எடுத்துவிடும். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துக்கொள்கிற ஒரு கணக்கில்தான் 35 கிராமை ஒரே மூச்சில் கொண்டுவந்து கொட்டுகிறோம்.

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவமனையில் செய்கிற ஒரு பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, உடம்பு அந்த அடியை எப்படித் தாங்கியது என்று பார்ப்பார்கள். வேண்டுமென்றே கணையத்துக்குக் கொடுக்கிற சோதனை அது. 600 மி.லி. கோலா பாட்டிலில் 63 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் பாதி ஃபிரக்டோஸ் என்ற இன்னொரு வகைச் சர்க்கரை என்பதால் இரண்டும் அப்படியே ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மருத்துவர் எப்போதோ ஒருமுறை, காரணத்தோடு வைக்கும் சோதனைக்குக் கிட்டத்தில் வரும் ஒன்றை, தாகம் என்ற பெயரில் சிலர் தினமும் தங்களுக்கே வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வேகத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கினால், மருத்துவர்கள் சொல்லும் முதலுதவிகளில் ஒன்று சுமார் 150 மி.லி. சாதாரண குளிர்பானம். சில நிமிடங்களில் ஆளை எழுப்பி உட்கார வைத்துவிடும். அந்த நேரத்தில் அது மருந்து. மருந்தாக வேலை செய்ய வைப்பது எந்த வேகமோ, அதே வேகம்தான் மற்ற நேரங்களில் பிரச்சினை.

கல்லீரலில் நடப்பது

சாதாரணச் சர்க்கரை செரிக்கும்போது பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் என்று பிரியும். சில நாடுகளில் குளிர்பானத்துக்குப் பயன்படுத்தும் சோளச் சர்க்கரைப் பாகில் ஃபிரக்டோஸ் 55 சதவீதம். இரண்டில் எது மோசம் என்று பல வருடமாகச் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் அது நேர விரயம். உடம்புக்குள் போனதும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குளுக்கோஸை உடம்பின் எல்லாச் செல்களும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸுக்கு முக்கியமான இடம் கல்லீரல். கல்லீரலுக்குள் குளுக்கோஸ் போகும் பாதையில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. செல்லில் சக்தி போதுமான அளவு இருந்தால் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று அது வேகத்தைக் குறைத்துவிடும். ஃபிரக்டோஸ் அந்தச் சாவடியைச் சுற்றிக்கொண்டு வேறு சந்து வழியாக உள்ளே போய்விடும். தேவை இருக்கிறதா இல்லையா என்று கேட்க ஆள் இல்லாததால், வந்ததை எல்லாம் கல்லீரல் உடைக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சியது கொழுப்பாகிறது. அந்தக் கொழுப்பில் ஒரு பகுதி டிரைகிளிசரைடாக ரத்தத்தில் கலக்கிறது, இன்னொரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. கொழுப்பு தங்கிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. அங்கிருந்து இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்குத் தூரம் அதிகமில்லை.

பழத்திலும் ஃபிரக்டோஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபிரக்டோஸ் சிறிது சிறிதாக வந்தால் சிறுகுடலே அதில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடுகிறது. ஒரேயடியாக வந்தால் வழிந்து கல்லீரலுக்குப் போகிறது என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆப்பிளை மென்று தின்னும்போது நார்ச்சத்தோடு மெதுவாக இறங்கும். மூன்று ஆப்பிளை ஒரேயடியாகத் தின்ன வயிறு இடம் கொடுக்காது. மூன்று ஆப்பிளின் சாறு என்றால் ஒரு டம்ளரில் அடங்கிவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும், தேனையும், பாட்டில் பானச் சர்க்கரையோடு ஒரே பட்டியலில் வைக்கிறது. 'நூறு சதவீதம் பழச்சாறு' என்ற எழுத்தைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிற பெற்றோருக்கு இது கசப்பான செய்திதான். வைட்டமின் கொஞ்சம் கிடைக்கும், மறுக்கவில்லை. சர்க்கரை மட்டும் கோலாவுக்குக் கிட்டத்தட்ட அருகில் நிற்கும்.

கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு திரும்பிப் போகுமா? போகும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்த 11 முதல் 16 வயது வரையுள்ள 40 பையன்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் எல்லோருக்கும் சேர்த்தே சர்க்கரையை அநேகமாக நிறுத்திய சாப்பாடு. மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. எட்டே வாரத்தில் முதல் அணியினரின் கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. மற்றவர்களுக்கு 21-லிருந்து 20. மருந்து எதுவும் இல்லாமல் நடந்தது இது.

ஃபிரக்டோஸை அவசரமாக உடைக்கும்போது யூரிக் அமிலம் ஒரு கழிவாக வெளிவருகிறது. அது மூட்டில் படிந்தால் கவுட். கால் கட்டை விரல் சிவந்து வீங்கி, போர்வை உரசினாலே உயிர் போகும் வலி. மதுவும் இறைச்சியும் மட்டுமே இதற்குக் காரணம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2008-இல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வில், நாளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் இனிப்புக் குளிர்பானம் குடித்த ஆண்களுக்கு, மாதத்துக்கு ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிடக் கவுட் வரும் வாய்ப்பு 85 சதவீதம் அதிகமாக இருந்தது. டயட் பானம் குடித்தவர்களிடம் அந்த உயர்வு இல்லை.

சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு அலசல் ஒன்று, தினமும் ஒரு முறை இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. உடல் பருமனின் பங்கைக் கழித்த பிறகும் 13 சதவீதம் மிஞ்சியது. ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் அந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். உலக அளவில், 2020-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக வந்த நீரிழிவு நோய்களில் சுமார் 22 லட்சமும், இதய ரத்தநாள நோய்களில் சுமார் 12 லட்சமும் இனிப்புப் பானங்களால் வந்தவை என்று 2025 தொடக்கத்தில் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

பல்

கோலாவில் போட்ட பல் ஒரே இரவில் கரைந்துவிடும் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். கரையாது. இப்படி மிகைப்படுத்திச் சொல்வதால் ஒரு நஷ்டம் உண்டு: கதை பொய் என்று தெரிந்ததும், உண்மையான பாதிப்பையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

அமிலத்தன்மையை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். பல்லின் எனாமல், வாயின் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது தாதுக்களை இழக்கத் தொடங்கும். கோலாவின் பி.எச். சுமார் 2.5. முதல் அடி அங்கே நேரடியாக விழுகிறது. இரண்டாவது அடி வாயில் இருக்கும் பாக்டீரியாக்களிடமிருந்து. அவை சர்க்கரையைத் தின்று தாங்களும் அமிலத்தைக் கக்கும். எச்சில் மெல்ல மெல்ல இதைச் சமன்செய்து, இழந்த தாதுவையும் ஓரளவு திருப்பி வைக்கும். ஆனால் அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

அதனால் பல்லுக்கு எவ்வளவு குடித்தீர்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் குடித்தீர்கள் என்பது முக்கியம். மேஜையில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு, வேலை செய்தபடி கால் மணி நேரத்துக்கு ஒரு மடக்கு என்று மதியம் முழுக்க உறிஞ்சுபவரின் பல், அந்த மதியம் முழுவதும் அமிலத்திலேயே இருக்கிறது. எச்சிலுக்கு ஒரு வாய்ப்பும் கிடைப்பதில்லை. சர்க்கரை இல்லாத டயட் பானத்திலும் இந்த அமிலம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குடித்த கையோடு பல் துலக்குவதும் நல்லதில்லை. இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவோம். வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்கலாம். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும் என்பதால், படுக்கப் போகும் முன் குடிப்பது எல்லாவற்றிலும் மோசம்.

எனர்ஜி டிரிங்க்: கடன் வாங்கிய விழிப்பு

இப்போது அந்த ஒல்லியான கேனுக்கு வருவோம். இந்த வகைப் பானம் 1962-இல் ஜப்பானில் ஒரு மருந்து நிறுவனம் விற்ற சிறிய பாட்டில் டானிக்கிலிருந்து தொடங்குகிறது. தாய்லாந்தில் 1970-களில் லாரி ஓட்டுநர்களும் கூலித் தொழிலாளர்களும் கண் விழிக்கக் குடித்த கிராடிங் டேங் என்ற பானத்தை, டீட்ரிச் மேட்டஷிட்ஸ் என்ற ஆஸ்திரியர் கேஸ் ஏற்றி, 1987-இல் ரெட் புல் என்ற பெயரில் ஆஸ்திரியாவில் இறக்கினார். தொழிலாளியின் டானிக், விளையாட்டு வீரரின், கல்லூரி மாணவரின் அடையாளமாக ஆனது அதற்குப் பிறகுதான்.

பெயரில் 'எனர்ஜி' இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? எரிபொருள் என்ற பொருளில் பார்த்தால் சர்க்கரையிலிருந்து: 250 மி.லி. கேனில் 27 கிராம். தெம்பு என்ற பொருளில் பார்த்தால் கஃபீனிலிருந்து: அதே கேனில் 80 மில்லிகிராம். மற்றவை பெரும்பாலும் அலங்காரம். அவற்றில் ஒன்றான டாரினின் பெயரைச் சுற்றி எத்தனையோ வதந்திகள். 1827-இல் மாட்டுப் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை அதற்கு வைத்தார்கள், அவ்வளவுதான். கேனில் இருப்பது ஆலையில் செயற்கையாகத் தயாரித்தது. நம் உடம்பே டாரினைச் செய்துகொள்ளும்.

கஃபீன் சக்தியைத் தருவதில்லை. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய இடங்களில் போய் உட்கார்ந்ததும் நமக்குத் தூக்கம் வருகிறது. கஃபீன் முந்திக்கொண்டு அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துவிடும். அடினோசின் போகவில்லை, வெளியே நின்றுகொண்டிருக்கிறது. கஃபீன் எழுந்து போனதும் எல்லாம் ஒன்றாக உள்ளே நுழையும். களைப்பைத் தீர்க்காமல் களைப்பின் செய்தியை மட்டும் நிறுத்தி வைக்கிற வேலை இது.

அந்த நாற்காலியைவிட்டு எழுந்து போக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பாருங்கள். உடம்பில் இருக்கும் கஃபீனில் பாதி குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும்; கர்ப்பிணிகளுக்கும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் நீளும். மாலை 5 மணிக்கு 500 மி.லி. கேன் ஒன்றைக் குடித்தால் 160 மில்லிகிராம். இரவு 10 மணிக்கு உடம்பில் இன்னும் 80 மில்லிகிராம் இருக்கிறது. படுக்கைக்குப் போகும்போது ஒரு சின்னக் கேனைக் குடித்துவிட்டுப் படுப்பது போல. படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. தூக்கம் குறைந்தவருக்கு மறுநாள் என்ன வேண்டும்? இன்னொரு கேன். தேர்வு நேரத்து மாணவர்களும் இரவுப் பணிக்காரர்களும் இந்தச் சுழலில்தான் மாட்டுகிறார்கள். கேன் இருப்பதால் சமாளிக்கிறோம் என்று அவர்கள் நினைப்பார்கள். சமாளிக்க வேண்டிய களைப்பில் ஒரு பங்கு நேற்றைய கேன் கொடுத்தது.

காபியிலும் கஃபீன் இருக்கிறதே, அதை யாரும் இப்படித் திட்டுவதில்லையே என்று கேட்டால், சரியான கேள்விதான். ஒரு கப் ஃபில்டர் காபியில் 80, 90 மில்லிகிராம் சாதாரணமாக இருக்கும். ஆனால் சூடான காபியை ஊதி ஊதி மெல்லக் குடிக்க வேண்டும்; குளிர்ந்த கேனை மடமடவென்று ஊற்றிக்கொள்ளலாம். அப்புறம், காபியைப் பெரும்பாலும் பெரியவர்கள் குடிக்கிறார்கள். கேனை அதிகம் வாங்குபவர்கள் இளைஞர்களும் பதின்பருவப் பிள்ளைகளும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவு: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200, நாளுக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு நாளுக்கே 200. பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது 90 மில்லிகிராம். ஒரு சின்னக் கேனிலேயே அந்தப் பிள்ளையின் ஒருநாள் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பெரிய கேன் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதயத்தைப் பற்றிய கவலை இன்னும் ஆழமானது. 2017-இல் வெளியான ஒரு பரிசோதனையில் 18 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு நாள் 946 மி.லி. எனர்ஜி டிரிங்கும், இன்னொரு நாள் அதே அளவு கஃபீன் மட்டும் கலந்த பானமும் கொடுத்தார்கள். இரண்டிலும் 320 மில்லிகிராம். இரண்டு மணி நேரம் கழித்து இ.சி.ஜி. எடுத்தபோது, எனர்ஜி டிரிங்க் குடித்த நாளில் க்யூ.டி. இடைவெளி, அதாவது இதயம் ஒரு துடிப்புக்குப் பிறகு மின்னூட்டத்தைத் திரட்டி அடுத்ததற்குத் தயாராகும் நேரம், 10 மில்லி நொடி அதிகமாக இருந்தது. கஃபீனைத் தவிர வேறு ஏதோ ஒன்று, அல்லது அந்தக் கலவை, வேலை செய்கிறது என்ற சந்தேகம் அங்கிருந்துதான் வலுத்தது. 2019-இல் 34 பேரை வைத்துச் செய்த இன்னொரு பரிசோதனையிலும் இதே போக்கு தெரிந்தது. பெரும்பாலான இதயங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். அந்த இடைவெளி பிறவியிலேயே நீண்டிருப்பவர்களுக்கும், அதை நீட்டுகிற மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இது விளையாட்டல்ல. தனக்கு அப்படி ஒரு குறை இருக்கிறது என்றே அறியாதவர்கள் அவர்களில் உண்டு.

மதுவோடு கலந்து குடிப்பது தனி ஆபத்து. மது மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுத்து, 'போதும், நிறுத்து' என்று சொல்லும். கஃபீன் அந்த மயக்கத்தை மட்டும் மறைக்கும். ரத்தத்தில் இருக்கும் மதுவின் அளவை ஒரு துளிகூடக் குறைக்காது. தெளிவாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு இன்னும் குடிப்பார்கள், வண்டியையும் எடுப்பார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் கஃபீன் கலந்த மதுபானம் விற்ற நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது இதனால்தான். தொழிற்சாலையில் கலப்பது நின்றது, டம்ளரில் கலப்பது தொடர்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே குழந்தைகள், பதின்பருவத்தினர் உணவில் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு விற்பதை லிதுவேனியா 2014-இல் தடை செய்தது. லாட்வியா 2016-லும், போலந்து 2024 ஜனவரியிலும் அதே முடிவுக்கு வந்தன. பல நாடுகளில் இன்னும் ஒரு சின்ன எச்சரிக்கை வரியோடு சரி.

விளையாட்டுக்கென்று விற்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வேறு, எனர்ஜி டிரிங்க் வேறு. முதலாவதில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் இருக்கும், வழக்கமாகக் கஃபீன் இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக ஓடி வியர்ப்பவருக்குப் பயன்படலாம், மற்றவர்களுக்குத் தண்ணீரே போதும். இதைவிட முக்கியமான குழப்பம் ஒன்று: வயிற்றுப்போக்கில் சோர்ந்த குழந்தைக்குத் 'தெம்பாக' இருக்கட்டும் என்று குளிர்பானம் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். கோலாவில் லிட்டருக்கு 106 கிராம் சர்க்கரை, இழந்த உப்பை ஈடுகட்ட அநேகமாக ஒன்றுமே இல்லை. அத்தனை சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை இன்னும் அதிகமாக்கும்.

டயட் பானம்?

சுருக்கமாகச் சொன்னால், சர்க்கரைப் பானத்தைவிடப் பரவாயில்லை, தண்ணீருக்கு ஈடில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த, இதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், அந்த இனிப்புகளில் ஒன்றான அஸ்பார்டேமைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்ததும் பெரிய பீதி கிளம்பியது. அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வது. எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதல்ல. கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பு மாறவில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதைத் தாண்ட நாளுக்கு 9 முதல் 14 கேன் குடிக்க வேண்டும்.

பாட்டில் பெருத்த கதை

1955 வரை கோகோ கோலா பாட்டில் என்றாலே 6.5 அவுன்ஸ், சுமார் 190 மி.லி. அதில் சர்க்கரை 20 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வைத்த அளவுகோல்படி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 50 கிராமுக்குள், சேர்த்த சர்க்கரை இருக்க வேண்டும். முடிந்தால் அதில் பாதி, 25 கிராம். அந்தப் பழைய பாட்டில் இந்தக் கடுமையான வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். இன்றைய 600 மி.லி. பாட்டில் ஒன்று, தளர்வான வரம்பையே தாண்டிவிடும். பானம் மாறவில்லை. கையில் வரும் அளவு மூன்று மடங்காகிவிட்டது. ஒரு பாட்டில் என்றால் ஒரு பாட்டில். மீதி வைக்க யாருக்கும் மனசு வருவதில்லை.

தனி மனிதரின் மனஉறுதியை மட்டும் நம்பிப் பயனில்லை என்று பல அரசுகள் வரிக்கு வந்துவிட்டன. இதில் பிரிட்டன் செய்தது சற்றுத் தந்திரமானது. 2018 ஏப்ரலில் வந்த வரியை, 100 மி.லி.க்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் கிடையாது, 8 கிராமுக்கு மேல் போனால் அதிகம் என்று படிப்படியாக வைத்தார்கள். அறிவிப்பு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டதால், நிறுவனங்கள் வரியைத் தவிர்க்கத் தாங்களே செய்முறையை மாற்றிச் சர்க்கரையைக் குறைத்தன. குடிப்பவர் எதையும் மாற்றவில்லை, பானம் மாறியது. குழந்தைகளுக்குச் சொத்தைப் பல் பிடுங்க மருத்துவமனையில் சேர்ப்பது அதன் பிறகு சுமார் 12 சதவீதம் குறைந்ததாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023-இல் கணக்குக் காட்டினார்கள்.

லேபிளைப் படிக்கும்போது ஒரு சின்ன சூட்சுமம். முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரியைத் தேடுங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண்ணை நம்ப வேண்டாம், 500 மி.லி. பாட்டிலை இரண்டு பரிமாறல் என்று எழுதியிருப்பார்கள், இரண்டு பேராக யார் குடிக்கிறார்கள்? 100 மி.லி.க்கு 11 கிராம், கேன் 500 மி.லி. என்றால் 55 கிராம். நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 14 டீஸ்பூன்.

தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், அதுவும் எனர்ஜி டிரிங்க் என்றால், ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு வாரம் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு அளவைக் குறைப்பது நல்லது. சட்டென்று நிறுத்தினால், கஃபீன் கிடைக்காததால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி பிடிக்கும், எரிச்சலும் சோம்பலும் சேரும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரம், ஒன்பது நாளுக்குள் தணிந்துவிடும். பலர் மறுபடி கேனுக்குத் திரும்புவது அந்த இரண்டாவது நாளில்தான். தலைவலிக்கு மாத்திரை வாங்கினால் அதன் அட்டையையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். சில வலி மாத்திரைகளில் பாரசிட்டமாலோடு கஃபீனும் சேர்ந்திருக்கும்.